விசாலாட்சி கேட்ட இரண்டாவது கேள்வி

என் அக்கா விசாலாட்சியைப் பற்றிப் பேசச் சொன்னால் நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவேன். கூடப் பிறந்தவள் பீற்றிக்கொள்கிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். மன்னவனூருக்குப் போய் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். நான் சொல்வதே குறைச்சல் என்பார்கள்.

நாங்கள் பழனி அடிவாரத்துக்காரர்கள். அப்பா ஆண்டிச்சாமி பூக்கட்டுகிறவர். மாலை கட்டுவதோடு அவருக்கு இன்னொரு சோலியும் உண்டு. நிலம் வாங்குவதா, கிணறு வெட்டுவதா, இந்தப் பெண்ணை எடுப்பதா என்று சாமியிடம் உத்தரவு கேட்க வருகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோல மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்க்காமல் பாதிப் பேர் வீட்டு வாசற்படியைக்கூட மாற்ற மாட்டார்கள்.

இதில் அப்பாவுக்கு இரண்டு சட்டம். பொட்டலம் கட்டினவன் கையால் எடுக்கக் கூடாது. ஒரு தடவை கேட்ட கேள்வியை மறுபடி கேட்கக் கூடாது. நார் முடிச்சைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் எது வெள்ளை, எது சிவப்பு என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஒரு மர வியாபாரி பட்டுத் துண்டோடு வந்து, "வெள்ளையா வர்ற மாதிரி பாத்துக் கட்டிருங்க" என்றார். அப்பா கையிலிருந்த நாரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனவர், அந்த ஆள் தெருவைத் தாண்டும் வரை வெளியே வரவில்லை.

அக்கா கல்யாணத்திலும் பூதான் பதில் சொன்னது. திண்டுக்கல்லில் மாப்பிள்ளை, எல்லாம் பேசி முடித்து, கடைசியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பு. மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக் குடித்து முடித்துவிட்டே கிளம்பினார்கள். அம்மா மூலையில் உட்கார்ந்து அழ, அக்கா தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே, "நான் வைக்கிற ரசம் முருகனுக்குத் தெரிஞ்சுபோச்சு போல" என்றாள். அடுத்த மாதம் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டாள். அந்த மாப்பிள்ளை பிற்பாடு இரண்டு கடை வைத்து இரண்டையும் சீட்டாடியே தொலைத்தான். பூ சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவளுக்கு மன்னவனூர்ப் பள்ளியில் வேலை போட்டார்கள். கொடைக்கானலுக்கும் அப்பால், உருளைக்கிழங்கும் குளிரும் விளைகிற ஊர். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக விட முடியுமா? துணைக்கு என்னை அனுப்பினார்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அடுப்பு ஏறியது. அவள் பள்ளிக்கூடம் போவாள், நான் சமைப்பேன். சாயங்காலம் அடுப்போரம் உட்கார்ந்து குளிர் காய்ந்தபடி அவள் பாடம் படிப்பாள். வேலை பார்த்துக்கொண்டே பிரைவேட்டாக பி.ஏ. எழுதப் போகிறாளாம். அதில் ஒரு தாள் கிரேக்க, ரோமானிய வரலாறு. சம்பளம் வாங்கக் கொடைக்கானல் போகும்போதெல்லாம் அங்குள்ள மிஷன் நூலகத்திலிருந்து தலையணை பருமனுக்குப் புத்தகம் தூக்கி வருவாள். படித்ததை எனக்குச் சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன்.

"கண்மணி, இவங்களும் நம்ம அடிவாரத்து ஆளுங்கதான்டி" என்பாள் சிரித்துக்கொண்டே.

ஸ்பார்ட்டா என்று ஒரு ஊராம். பெரிய சண்டைக்காரர்கள். ஆனால் படை கிளம்பினால் சாமி நெருப்பை முன்னால் ஏந்திக்கொண்டு எல்லை வரைக்கும் போய், அங்கே ஆடு பலி கொடுத்துக் குறி பார்ப்பார்களாம். குறி சரியில்லையென்றால் மொத்தப் படையும் வீட்டுக்குத் திரும்பிவிடும். சண்டை முனையிலும் பலிக்கென்று ஆட்டு மந்தை கூடவே நடக்குமாம். "கறிக்கும் வழி பண்ணிக்கிட்டாங்க, கெட்டிக்காரங்க" என்றேன். அக்கா புத்தகத்தால் என் தலையில் தட்டினாள்.

ரோமாபுரிக்காரர்கள் இன்னும் மேல். கூண்டில் கோழி கொண்டு போவார்கள். சண்டைக்கு முன்னால் தீனி போட வேண்டும். கோழி ஆவலாகக் கொத்தித் தின்றால் ஜெயம், தின்னாவிட்டால் நிற்க வேண்டும். ஒரு தளபதி, கோழி தின்னவில்லை என்றதும், "தின்னாட்டி தண்ணி குடிக்கட்டும்" என்று கடலில் தூக்கிப் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்க் கப்பல் கப்பலாக இழந்தானாம். இன்னொரு சண்டையில் கோழி தின்னாமலே, தின்றது என்று கோழிக்காரன் பொய் சொல்லிவிட்டான். விஷயம் தெரிந்த தளபதி, "எனக்கு நல்ல குறி என்றுதான் சொல்லப்பட்டது. பொய் இருந்தால் அது சொன்னவன் தலையோடு போகட்டும்" என்று அந்த ஆளை முதல் வரிசையில் நிறுத்தினான். எங்கிருந்தோ வந்த ஈட்டி முதலில் அவனைத்தான் குத்தியது. சண்டையில் ரோமானியர் ஜெயித்தார்கள். இந்தக் கதையை அவள் எத்தனையோ தடவை சொன்னாள்.

எனக்கு ஒரு சந்தேகம். "இவ்வளவு பெரிய வீரனுங்க, கோழியக் கேட்டா அக்கா சண்டை போடுவாங்க?"

"சாகப் பயந்து நிக்கிற ஆயிரம் பேரு ஒண்ணா ஒரு எட்டு முன்னால வைக்கணும். நானா இருந்தா நானும் சாமியத்தான்டி கூப்பிடுவேன். சாமியக் கூப்பிடுறது தப்பில்ல. அதுகிட்ட என்ன கேக்கிறோங்கிறதுலதான் எல்லாம் இருக்கு."

அதற்கும் உதாரணமாக அவளிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் நிசியாஸ், ஏதென்ஸ் தளபதி. தூரதேசத்தில் தோற்று, தப்பித்துக் கப்பலேறத் தயாராக நின்ற நேரத்தில் சந்திர கிரகணம் பிடித்தது. இருபத்தேழு நாள் அசையக் கூடாது என்று குறிகாரர்கள் சொன்னார்கள். அவனும் அசையவில்லை. அதற்குள் எதிரி துறைமுகத்தை அடைத்துவிட்டான். மொத்தப் படையும் அழிந்தது, மிஞ்சினவர்கள் கல்லுக்குழியில் கிடந்து செத்தார்கள். இன்னொருவன் ஏதென்ஸ் வாலிபன். பாரசீகத்துச் சண்டைக்குக் கூப்பிட்டார்கள் என்று டெல்பி மலைச் சாமியிடம் போனான். 'போகலாமா' என்று அவன் கேட்கவே இல்லை. 'எந்தெந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனால் நல்லபடியாகத் திரும்பலாம்' என்று கேட்டான். 'கேள்வியையே மாற்றிவிட்டாயே' என்று அவன் வாத்தியார் கோபித்துக்கொண்டாராம். ஆனாலும் சாமி பதில் சொல்லிவிட்டதே! போனான், பத்தாயிரம் பேரோடு தவித்தான், அவர்களில் பெரும்பாலோரை உயிரோடு கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அக்காவுக்கு இவன்மேல் தனிப் பிரியம்.

அறுபத்திரண்டு பிப்ரவரியில் எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகிறது, உலகம் அழியப் போகிறது என்று நாடு முழுக்கப் பேச்சு. மன்னவனூருக்குச் செய்தி எப்போதும் தாமதமாகத்தான் வரும், ஆனால் இந்தச் செய்தி மட்டும் சீக்கிரம் வந்து சேர்ந்தது. மூன்று நாள் யாரும் வயலில் இறங்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள்கூடக் காணாமல் போனார்கள். உலகமே போகப் போகிறதே, கோழி மட்டும் எதற்கு என்று ஊர்க் கோழிகளெல்லாம் குழம்பாயின. கிழங்கு வியாபாரி பொன்னுச்சாமி குடும்பத்தோடு பழனிக்கு இறங்கிவிட்டார். அழிந்தாலும் முருகன் காலடியில் அழியலாம் என்று கணக்கு. அவருடைய ஜீப்பும் டிரைவர் சேனாதிபதியும் மட்டும் ஊரில் இருந்தார்கள். மூன்று நாளைக்கு வண்டி எடுக்கக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை. மறுநாள் காலையில் கிரகணம் வேறு. உச்சி வெயிலில் மருத்துவச்சி ராக்காயி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, வேலன் பொஞ்சாதி சீனியம்மாளுக்கு நேத்து வெள்ளனே வலி கண்டுச்சு. புள்ள குறுக்க கெடக்கு. என் கைய மீறிப்போச்சு தாயி. வெரசா கொடைக்கானல் ஆசுபத்திரிக்குக் கொண்டு போகலேன்னா ரெண்டு உசிரும் தங்காது. அந்த சேனாதிபதி வண்டியத் தொடமாட்டேங்கிறான். நீங்க சொன்னாக் கேப்பான்."

சீனியம்மாள் எங்களுக்குத் தெரிந்தவள்தான். கிழங்கு தோண்டப் போகிறவள், வழியில் எங்கள் வாசலில் நின்று பாட்டுப் பாடிவிட்டுத்தான் போவாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது கட்டிலில் அவள் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பாட்டுப் பாடின வாயில் சத்தமே இல்லை.

சுற்றி நின்ற பெரியவர்கள், நாளைக் கழித்துக் கிரகம் பிரிந்துவிடும், அதுவரை பொறுக்கலாம் என்றார்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "நிசியாசு" என்று மட்டும் சொன்னாள். வேறு யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சீனியம்மாளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்குப் போனோம். எல்லைக் கருப்புச் சாமியின் கல்லுக்குப் பக்கத்தில்தான் ஜீப் நின்றது. பேர் சேனாதிபதியே தவிர, அந்த மனுஷர் அன்றைக்கு ஜீப்பின் மறைவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கல்லில் பூக்கட்டிப் பார்த்துச் சிவப்பு வந்தது. முதலாளி விரட்டியதால் லாரியை எடுத்தார். கொடைக்கானல் வழியில் பூம்பாறைக்கு முந்தின வளைவில் லாரி கவிழ்ந்து, கூட வந்த சொந்தத் தம்பிக்கு ஒரு கால் போயிற்று. அன்றிலிருந்து சாமி உத்தரவில்லாமல் அவர் சாவியைத் தொட்டதே இல்லை.

"அண்ணே, வண்டிய எடுங்க. பொன்னுச்சாமி அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அக்கா.

"மொதலாளிக்கா பயப்படுறேன் டீச்சரம்மா? பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா இந்த நிமிசமே எடுக்குறேன்."

பக்கத்துக் காட்டுப்பூவரசு மரத்தில் சிவப்புப் பூ கைக்கெட்டும் தூரத்தில் பூத்திருந்தது. வெள்ளைச் சாமந்தி ராக்காயி வீட்டு வேலியிலிருந்து வந்தது. சேனாதிபதியே கட்டினார். வேலன் கல்லைத் தொட்டுக் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தான். சிவப்பு.

வேலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கட்டிலில் சீனியம்மாள் முனகினாள். எனக்குச் சாமிமேல் வந்த கோபத்துக்கு அந்தக் கல்லைப் பெயர்த்து எறிந்திருப்பேன். சேனாதிபதி கண்ணில் தண்ணீர். அவர் அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க பூக்கட்டுற குடும்பம்ல. முடிச்சுல வெவரம் இருக்குன்னு சொல்லுவாங்க. நீங்க ஒருதரம் கட்டுங்க. வெள்ளை வரட்டும். நான் தெரிஞ்சுக்காத மாதிரி எடுத்துர்றேன்" என்றார்.

ஒரு முடிச்சு. ஒரே ஒரு முடிச்சை இழுத்துவிட்டால் இரண்டு உயிர் பிழைக்கும். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருப்பேன். அக்கா தலையை ஆட்டினாள்.

"மாட்டேண்ணே. இப்ப நீங்க தெரிஞ்சுதான் எடுப்பீங்க. அந்த வளைவுக்குப் போனதும் 'இது பொய்ப் பூ'ன்னு உங்க கை நடுங்கும். நடுங்குற கையில இவள நான் ஒப்படைக்கமாட்டேன். எங்க அப்பாவும் அதுக்காக எனக்குப் பூக்கட்டக் கத்துத் தரல."

"அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க? கேட்டதத் திரும்பக் கேக்கக் கூடாதே."

"திரும்பக் கேக்கல. வேற கேக்கிறேன்." அவள் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரல், எல்லோருக்கும் கேட்டது. "போகலாமான்னு கேட்டோம். வேண்டாம்னு சொல்லிட்ட. வழியில ஆபத்து இருக்குங்கிற. சரி, ஒத்துக்கிறோம். தெரிஞ்சுதான் போறோம். போறது முடிவாயிருச்சு. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்க கூடத் துணைக்கு யாரு வர்றா? வெள்ளை வந்தா பழனியாண்டவரு. சிவப்பு வந்தா பூம்பாறை வேலப்பரு."

ஊர்ப் பெரியவர் நல்லுசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இது என்னம்மா குறுக்கு வழி? எது வந்தாலும் போறதுன்னா அப்புறம் எதுக்குப் பூவு?"

"உத்தரவு ஒருதரம்தாங்க கேக்கலாம். துணை எத்தனை தரம் வேணும்னாலும் கேக்கலாம். துணைக்கு வரமாட்டேன்னு சொல்ற சாமி இந்த மலையில எங்கயாச்சும் இருக்குங்களா, சொல்லுங்க."

அப்படி ஒரு சாமி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பொட்டலத்தை என்னைக் கட்டச் சொன்னாள். அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரி, இரண்டு முடிச்சும் ஒன்றுபோலக் கட்டினேன். எந்தப் பூ வந்தாலும் வண்டி போகப்போகிறது. பொய்க்கு அங்கே இடமே இல்லை. எடுக்க வேண்டியது சீனியம்மாள்தான் என்றாள் அக்கா. கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நீட்டினேன். வலியில் இறுகிக் கிடந்த விரல்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டன. பிரித்தேன்.

மறுபடியும் சிவப்பு.

சற்று முன்னால் எல்லோரையும் உட்கார வைத்த அதே பூ. சேனாதிபதி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பூம்பாறை வேலப்பரு" என்றார் மெதுவாக. "நான் போற வழியிலதான் இருக்கான். எங்க தம்பி விழுந்த எடத்துக்கு அடுத்த ஊருதான்." பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஜீப்பின் முகப்பில் செருகினார். சாவியைப் போட்டார். கை நடுங்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் சீனியம்மாளை மடியில் தாங்கிக்கொண்டு ராக்காயியும் நானும். வேலன் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். அக்கா பின்னால் ஏறுவாள் என்று இடம் ஒதுக்கினேன். அவள் நேராக முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, கல்யாணமாகாத டீச்சர், இதெல்லாம் பிறகு பேச்சாகும் என்று எனக்குச் சங்கடம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வளைவு வந்தது. சேனாதிபதி வேகத்தைக் குறைத்து, "வேலப்பா, கூட வா" என்று ஒரு சத்தம் கொடுத்து, மெல்ல ஒடித்துத் திருப்பினார். அக்கா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். வண்டி திரும்பியது. அப்புறம் பூம்பாறைக் கோபுரம் தெரிந்தது. நிற்க நேரமில்லை. சேனாதிபதி ஓட்டிக்கொண்டே ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டார். பொழுது சாயுமுன் கொடைக்கானல் ஆசுபத்திரி வாசலில் இருந்தோம். கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தால் கை கழுவியிருப்போம் என்றார் டாக்டரம்மா.

மறுநாள் சூரியன் வழக்கம்போல வந்தது. உலகம் அழியவில்லை. கோழியெல்லாம் போனதுதான் மிச்சம்.

அந்த வருஷமே அக்கா பரீட்சை எழுதினாள். கிரேக்க, ரோமானியப் போர்களில் சமயத்தின் பங்கு என்ன என்று ஒரு கேள்வியே வந்ததாம். சும்மா விடுவாளா? பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்தாள். தேறிவிட்டாள், ஆனால் அந்தத் தாளில்தான் குறைந்த மார்க். திருத்தின ஆளுக்குப் பூக்கட்டிப் பார்க்கத் தெரிந்திருக்காது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆனி மாதம் சீனியம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூம்பாறைக்கு வேண்டுதல் செலுத்தக் கிளம்பினாள். அதே ஜீப். அக்கா இந்தத் தடவை என்னோடு பின்னால் ஏறிக்கொண்டு, முன்னால் சீனியம்மாளை உட்காரச் சொன்னாள். பல மாதமாக மனதில் வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"அன்னைக்கு மட்டும் ஏன்க்கா முன்னால போய் உக்காந்த?"

"அந்தக் கோழிக்காரன மறந்துட்டியா?"

"அவன் பொய் சொன்னான். நீதான் பொய்யே சொல்லலயே!"

"சொல்லல. ஆனா சாமி வேண்டாம்னு சொன்னதுக்கப்புறம் கேள்விய மாத்தினது நான்தான்டி. என்னய நம்பித்தான் அத்தன பேரும் ஏறுனீங்க. நான் கேட்டது தப்பா இருந்தா மொத அடி யாருக்கு விழணும்?"

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எஞ்சின் சத்தத்தில் நாங்கள் பேசியது முன்னால் கேட்டிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வளைவுக்கு முன்னால் சேனாதிபதி வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்து பின் கதவைத் திறந்தார்.

"டீச்சரம்மா, முன்னால வாங்க. அது உங்க எடம்."